480 பிக்சலில் ஒரு பம்பு

480 பிக்சல். இந்த எண்ணைச் சொல்லும்போது புஷ்பாவின் முகம், சோற்றில் தலைமுடியைக் கண்டவர் முகம்போல் சுருங்கிவிடுகிறது. எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்து ஆட்கள் கைப்பேசியில் படிக்கும் ஒரு பாதுகாப்புப் பாடத்தில் அவர் ஏற்றிய படத்தின் அகலம் அது. படம் நிற்க வேண்டிய இடமோ அதைவிடப் பெரியது. அதனால் மென்பொருள் படத்தை நாலாபக்கமும் இழுத்து நிரப்பியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் மஞ்சளாய் ஒரு டப்பா, அதன்மேல் கறுப்பாய் ஒரு வட்டம், அவ்வளவுதான் தெரியும். அந்தப் படத்தால் சென்ற ஜூலையில் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. வேலை போயிருந்தால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போயிருக்கும்.

புஷ்பாவுக்கு முப்பத்தெட்டு வயது. மலேசியாவில், புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி செம்பனைப் பழ லோரி ஓட்டினார். புஷ்பா இப்போது கணவரோடு ரவாங்கில் இருக்கிறார். வேலை, அதே தோட்டத்தை நடத்தும் கம்பெனியின் பயிற்சிப் பிரிவில். அப்பா பழம் ஏற்றிய கம்பெனிக்கே மகள் பாடம் ஏற்றுகிறார் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அவர் செய்வது ஆன்லைன் பாடம் கட்டுகிற வேலை. மென்பொருளைத் திறந்து, ஒரு கட்டத்தில் படம், ஒரு கட்டத்தில் எழுத்து, ஒரு கட்டத்தில் கேள்வி என்று அடுக்குவார். தோட்டத்து ஆட்கள் காலையில் வேலைக்குப் பிரியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வந்து நிற்பார்கள். அங்கேயே கைப்பேசியை எடுத்துப் பாடத்தைத் தட்டிப் பார்த்து, கடைசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் சான்றிதழ் வரும்.

மங்கிய படத்தின்மேல் புஷ்பாவுக்கு இருக்கும் அருவருப்பு புதிதல்ல. டிப்ளோமா முடித்ததும் அவருக்குக் கிடைத்த முதல் வேலை ரவாங்கில் ஒரு பேனர் அச்சுக் கடையில். கோயில் திருவிழா, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம் எல்லாவற்றுக்கும் பேனர் வேண்டும். ஆறடி உயரத்தில் வேண்டும். ஆனால் கொண்டுவருவது ஃபேஸ்புக்கிலிருந்து எடுத்த தபால்தலை அளவுப் படம்.

“அட்ஜஸ்ட் பண்ணிக் குடு லா தங்கச்சி. கம்ப்யூட்டர்ல எல்லாம் வரும்தானே?”

“படத்துல இல்லாதத கம்ப்யூட்டர் எங்கேருந்துண்ணே எடுக்கும்?”

“மூஞ்சி தெரிஞ்சா போதும்மா.”

மூஞ்சிதான் தெரியாது. செத்துப்போனவர் கட்டம் கட்டமாக உடைந்து, கண்ணும் மீசையும் ஒன்றாகிப் பந்தல் வாசலில் தொங்குவார். அவர் பேரப்பிள்ளைகள் அதற்குமுன் நின்று படம் எடுத்து, அதையும் ஃபேஸ்புக்கில் போடுவார்கள். “ஒரு மனுசன் எழுபது வருசம் வாழ்ந்திருக்கான், அவனுக்குக் கடைசியா இந்த மூஞ்சியா?” என்கிறார் புஷ்பா.

கம்பெனி வேலைக்கு வந்தபோது இந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தார். விடவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு வந்தது.

சென்ற ஆண்டு அக்டோபரில் களைக்கொல்லி தெளிக்கிறவர்களுக்கு ஒரு பாடம் கட்டச் சொன்னார்கள். முதுகில் மாட்டும் பம்பைப் பற்றியது. மூடியின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், வாஷர் என்பார்கள். அது வெடித்திருந்தால், ஆள் குனியும்போதெல்லாம் மருந்து கசிந்து கழுத்து வழியாக முதுகில் இறங்கும். ஆகவே பம்பை மாட்டுமுன் மூடியைத் திறந்து வாஷரைப் பார்க்க வேண்டும். பாடத்தின் சாரமே இவ்வளவுதான். இதற்குப் புஷ்பா இரண்டு படம் கேட்டார்: ஒன்று நல்ல வாஷர், ஒன்று வெடித்த வாஷர்.

படங்கள் வந்த வழியைக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும். மருந்தடிக்கும் கேங்கைப் பார்த்துக்கொள்ளும் மண்டோர் சிவானந்தம் கைப்பேசியில் படம் எடுத்தார். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அனுப்பும்போதே படம் ஒரு சுற்று இளைத்தது. ஆபிஸ் கிராணி, அதாவது எழுத்தர், அதை எடுத்து, மேலே கம்பெனிச் சின்னமும் கீழே ‘பாதுகாப்பே முதன்மை’ என்ற வாசகமும் சேர்த்து ஒரு ஸ்லைடில் ஒட்டினார். பிறகு அந்த ஸ்லைடைத் திரையோடு படம் பிடித்து, ரவாங்கில் இருக்கும் பயிற்சி மேனேஜர் குமரவேலுக்கு மறுபடியும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். குமரவேல் அதைத் தன் ஸ்லைடில் ஒட்டிப் புஷ்பாவுக்கு மின்னஞ்சல் செய்தார். சின்னத்தையும் வாசகத்தையும் வெட்டி எறிந்தபின் புஷ்பா கையில் மிஞ்சியது 480 பிக்சல்.

“நாலு பேர் மென்னு துப்புனத அஞ்சாவதா என் வாயில போட்ட மாதிரி,” என்கிறார்.

ஒரிஜினல் வேண்டும் என்று கேட்டார். வாட்ஸ்அப்பிலேயே படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் இளைக்காது என்று எழுதி, எங்கே தட்ட வேண்டும் என்று அம்புக்குறி போட்டும் அனுப்பினார். கிராணியிடமிருந்து கட்டைவிரல் ஒன்று பதிலாக வந்தது. படம் வரவில்லை. மறுபடி கேட்டார். காலை வணக்கம் என்று ரோஜாப்பூ வந்தது.

குமரவேலிடம் போய் நின்றார். உலு யாம்காரரான குமரவேல் கெட்ட மனிதர் இல்லை. மாதக் கூட்டத்தில் சுவரில் விழும் பச்சைப் பட்டைதான் அவருக்கு உலகம். எந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் பாடத்தை முடித்தார்கள் என்று காட்டும் பட்டை.

“சார், ரெண்டு படமும் ஒண்ணு போல இருக்கு. எது வெடிச்சது, எது நல்லதுன்னு எனக்கே தெரியல.”

“மேல இருக்கறது வெடிச்சது. கிராணி சொன்னார்.”

“பாக்கறவங்களுக்கு கிராணி வந்து சொல்வாரா?”

“புஷ்பா, தோட்டத்துல இன்டர்நெட் லைன் எப்படின்னு உனக்குத் தெரியாதா? படம் பெருசா இருந்தா சுத்திக்கிட்டே இருக்கும். ஆளுங்க மூடிட்டுப் போயிடுவாங்க. சின்னதா இருக்கட்டும் லா.”

அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதற்கும் வழி இருக்கிறது என்று புஷ்பா சொல்லிப் பார்த்தார். படம் நிற்கிற இடத்தைவிட இரண்டு பங்கு அகலம் இருந்தால் போதும். அதற்குமேல் இருப்பது வெறும் எடை. இப்போதைய கைப்பேசித் திரைகளில் புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால்தான் அந்த இரண்டு பங்கு. வேண்டாத பக்கங்களை ஏற்றுமுன்னே வெட்டிவிட வேண்டும். புகைப்படம் என்றால் ஜேபெக், எழுத்தோ கோடோ உள்ள வரைபடம் என்றால் பிஎன்ஜி. மென்பொருளில், வெளியிடும் பக்கத்தில், படத் தரம் என்று ஒரு பட்டை இருக்கும். வாங்கும்போதே அது பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அதை மேலே தள்ளாவிட்டால் நல்ல படத்தையும் அது ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வெளியே விடும்.

குமரவேல் கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்குப் போட்டாகணும்.”

புஷ்பா போட்டார்.

தோட்டத்தில் எல்லோரும் முடித்தார்கள். பச்சைப் பட்டை சுவரின் விளிம்பைத் தொட்டது. குமரவேலுக்குக் கைதட்டினார்கள்.

அடுத்த ஜூலையில் ஒரு காலை. குமரவேல் புஷ்பாவின் மேசைக்கு வந்து, பம்புப் பாடத்தில் மருந்தடிக்கும் ஓர் அம்மாவின் மதிப்பெண்ணையும் சான்றிதழையும் அச்செடுத்துத் தரச் சொன்னார். தோட்டத்தில் விசாரணையாம். வாஷர் வெடித்த பம்பை மாட்டிக்கொண்டு போய், அந்த அம்மாவின் முதுகு வெந்துவிட்டது. பம்பைப் பார்க்காமல் மாட்டியது அவர் தவறு, முறையாகப் பயிற்சி பெற்றவர், மதிப்பெண் நூற்றுக்கு நூறு என்று எச்சரிக்கைக் கடிதம் தயாராகிறது. தாமதமாக வந்ததற்கு ஏற்கெனவே ஒரு கடிதம் வாங்கியவர். இது இரண்டாவது. இரண்டு கடிதம் சேர்ந்தால் ஆளை நிறுத்தலாம்.

பெயரைப் பார்த்தார் புஷ்பா. சின்னத்தாய்.

லயத்தில் இரண்டு வீடு தள்ளி இருந்த சின்னத்தாய் அக்கா. புஷ்பாவின் அம்மா காய்ச்சலில் படுத்தபோது பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியவர். புருஷன் இல்லை. மகள் கல்யாணமாகி ஜோகூரில். அந்த லயத்து வீட்டை விட்டால் போக இடம் கிடையாது.

அச்செடுக்குமுன் புஷ்பா பாடத்தைத் திறந்து அந்தக் கேள்வியைப் பார்த்தார். ‘எந்தப் பம்பை முதுகில் மாட்டலாம்?’ மேலே ஒரு மஞ்சள் டப்பா, கீழே ஒரு மஞ்சள் டப்பா. இரண்டிலும் கறுப்பு வட்டம். இரண்டிலும் வட்டத்துக்குப் பக்கத்தில் அழுக்குபோல் ஒரு பழுப்புத் திட்டு. கழிவறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து சின்னத்தாயைக் கூப்பிட்டார்.

“அக்கா, முதுகு எப்படி இருக்கு?”

“குப்புறத்தான் படுக்கறேன், பாப்பா. சட்டைய உரிச்சப்போ தோலும் சேர்ந்து வந்துருச்சு. நர்சு மூக்கப் பொத்திக்கிட்டா. எனக்கே நாத்தம் தாங்கல.”

“அந்தப் பம்புப் பாடத்துல ரெண்டு படம் வந்துச்சே. எது நல்ல பம்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

எதிர்முனையில் சிரிப்பு. முதுகு இழுத்திருக்க வேண்டும். நடுவில் “ஸ்ஸ்” என்றார். “கண்டுபிடிக்கறதா? மேல இருக்கறத அமுக்குனேன், செவப்பா வந்துச்சு. கீழ அமுக்குனேன், பச்சையா வந்துச்சு. மண்டோரே கத்திக்கிட்டு இருந்தாரு, ‘கீழ அமுக்குங்க, கீழ அமுக்குங்க, லோரி நிக்குது’ன்னு. எல்லாருக்கும் நூறுதான். கண்ணு தெரியாத முனியம்மாவுக்கும் நூறு.”

“வாஷரப் பாக்கலியா அக்கா அன்னிக்கு?”

“பாத்து? எல்லாப் பம்பும் வெடிச்சதுதானே. வேணாம்னா வீட்டுக்குப் போன்னு சொல்லுவாங்க.”

புஷ்பாவுக்கு ஒன்று தெளிவாயிற்று. விசாரணையில் அந்தப் பாடம்தான் சாட்சி. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் எதையும் கற்றிருக்க முடியாது என்று காட்டினால் சாட்சி விழுந்துவிடும். அதற்கு ஒரிஜினல் படம் வேண்டும். வெடிப்பு ஒரிஜினலில் தெரிகிறது, பாடத்தில் தெரியவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சனிக்கிழமை பெஸ்தாரி ஜெயா வழியாகக் காரை ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். சிவானந்தம் பெரட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். புஷ்பாவைச் சிறு வயதிலிருந்து தெரிந்தவர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார் புஷ்பா.

“மாமா, அந்தப் பம்புப் படம் உங்க போன்ல இருக்கா?”

“அதெல்லாம் அழிஞ்சு போச்சும்மா.”

“உங்க போன்ல எதுதான் அழிஞ்சிருக்கு? குடுங்க இப்படி.”

கைப்பேசியில் ரோஜாப்பூக்கள், முருகன் படங்கள், யாரோ கல்யாணத்தில் வாழையிலைப் படம் என்று ஆயிரக்கணக்கில் கிடந்தன. அக்டோபருக்குப் போனார். இரண்டு படமும் இருந்தன, எடுத்தபடியே, முழு அளவில். கேபிள் போட்டு மடிக்கணினிக்கு இழுத்தார். சிவானந்தம் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் கழுவினார்.

புஷ்பா மேல்படத்தைப் பெரிதாக்கினார். வெடிப்பைத் தேடினார். வாஷர் புதுக் கறுப்பாய், பிசிறில்லாமல் இருந்தது. பக்கத்தில், டப்பாவின்மேல் இருந்த பழுப்புத் திட்டு அழுக்கில்லை. குங்குமம். சந்தனத்தின்மேல் வைத்த குங்குமப் பொட்டு, யாரோ விரலை எடுக்கும்போது வால்போல் கீழே இழுபட்டிருந்தது. அந்த அக்டோபரில் ஆயுத பூஜை முடிந்த கையோடு எடுத்த படம்.

கீழ்ப்படத்தைத் திறந்தார். அதே மூடி, கொஞ்சம் திருப்பி வைத்தது. அதே பொட்டு. அதே வால்.

“மாமா, இது ரெண்டும் ஒரே பம்பு.”

சிவானந்தம் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தார். “ஆபிஸ்ல ரெண்டு படம் கேட்டாங்க. ரெண்டு படம் அனுப்புனேன்.”

“வெடிச்சது ஒண்ணு கேட்டோம்.”

“வெடிச்சத எப்படிம்மா அனுப்புவேன்? குரூப்புல தொரை இருக்காரு. ஹெட் ஆபிஸ்காரங்க இருக்காங்க. ‘சிவானந்தம், இந்த மாதிரி பம்பையா ஆளுங்களுக்குக் குடுக்கற?’ன்னு கேட்டா நான் எங்க மூஞ்சிய வெச்சுக்கறது?”

“அப்ப இல்லாத வெடிப்ப அவங்க படத்துல தேடணுமா?”

“யாரு தேடுனா? நீயே கண்டுபிடிக்கல, இப்ப வந்து கேக்கற.”

புஷ்பா மடிக்கணினியை மூடினார்.

சிவானந்தம் சொன்னதில் பொய் கிடையாது. மேனேஜர் பார்வையிட வருகிறார் என்றால் முதல்நாளே மரத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், உடைந்த தள்ளுவண்டிகளைக் கொட்டகைக்குப் பின்னால் மறைப்பதும் தோட்டத்தில் பழகிப்போன வேலை. பழுதானது மேலே இருப்பவர் கண்ணில் படக்கூடாது. அப்படி வளர்ந்தவரிடம் போய், பழுதான சாமானைப் படம் எடுத்து முதலாளிமார் இருக்கும் குழுவில் போடு என்றால், அவர் நல்ல பம்பைத் துடைத்து இரண்டு தடவை எடுப்பார். கிராணிக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேலே இருப்பது வெடித்தது என்று ஊகித்து எழுதினார். குமரவேல் நம்பினார். புஷ்பா ஏற்றினார். மென்பொருள் மங்கலாக்கிக் கொடுத்தது. தெளிவாக ஏற்றியிருந்தால் முதல் நாளே ஏதாவது ஒரு பெண் “இது ஒரே பம்புதானே?” என்று கேட்டிருப்பாள்.

“அந்த மங்கல் எங்க எல்லாருக்கும் வசதியா இருந்துச்சு. எனக்கும்தான்,” என்கிறார் புஷ்பா.

ரவாங் திரும்பி குமரவேலிடம் சொன்னபோது அவர் கதவைச் சாத்தினார்.

“இத விசாரணையில காட்டப் போறியா? பாடம் கட்டுனது யாருன்னு கேப்பாங்க. உன் பேருதான் வரும்.”

“வரட்டும் சார்.”

“படத்த மாத்திடலாம். சத்தமில்லாம நல்ல படம் போட்டுடலாம். எதுக்கு உன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கற?”

“அந்தக்கா முதுகுல என்னத்த அள்ளிப் போடறது?”

குமரவேல் தடுக்கவில்லை. விசாரணை நாளன்று விடுப்பு எடுத்துக்கொண்டார்.

விசாரணை தோட்டத்து ஆபிசில். தலைமை தாங்கியவர் வேறொரு தோட்டத்திலிருந்து வந்த மேனேஜர். இந்தத் தோட்டத்துத் துணை மேனேஜர், கிராணி, சிவானந்தம், தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் எல்லோரும் இருந்தார்கள். சின்னத்தாய் நாற்காலியில் சாயாமல், முன்னால் தள்ளி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். களிம்பு வாசனையும், அதற்கு அடியில் புண் வாசனையும் அறை முழுக்க இருந்தன. துணை மேனேஜர் ஏர்கோனைக் கூட்டினார்.

புஷ்பா முதலில் பாடத்தில் இருந்த படங்களைச் சுவரில் காட்டினார். எது நல்ல பம்பு என்று கேட்டார். தலைமை தாங்கியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “புரொஜெக்டர் சரியில்லையா?” என்றார். அந்தப் பழைய புரொஜெக்டரும் மங்கல்தான். புஷ்பா போய் லென்ஸைத் திருகினார். பாடப் பக்கத்தின் மூலையில் இருந்த கம்பெனிச் சின்னம் கூர்மையாயிற்று. படம் அப்படியே இருந்தது.

“புரொஜெக்டர் சரியாத்தான் இருக்கு, சார். நான் ஏத்துன படம்தான் இப்படி.”

பிறகு ஒரிஜினல்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். சுவர் முழுக்க மஞ்சள் மூடி. ரப்பரின் வரி தெரிந்தது. பொட்டு தெரிந்தது. பொட்டின் ஓரத்தில் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

முதலில் சின்னத்தாய்தான் கையை நீட்டினார்.

“ஐய, இது நான் வெச்ச பொட்டு!”

“எது?” என்றார் துணை மேனேஜர்.

“இந்தா, வாலு மாதிரி இழுத்துருக்கே. ஆயுத பூஜை அன்னிக்குக் குங்குமம் தண்ணியாப் போச்சு, இழுத்துக்கிட்டு வந்துருச்சு. மத்தவளுங்க, ‘என்னடி, பம்புக்கு மூக்கு ஒழுகுதா?’ன்னு சிரிச்சாளுங்க.” சிவானந்தத்தைப் பார்த்தார். “இது புதுப் பம்பாச்சே, மண்டோரே. பூஜைக்கு வெளிய எடுத்தீங்க. ஆடிட்டுக்கு ஆளுங்க வந்தப்ப வெளிய எடுத்தீங்க. எங்க முதுகுல எப்பயாச்சும் ஏத்துனீங்களா?”

சிவானந்தம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை தாங்கியவர் கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். புதுப் பம்புகள் ஸ்டோரில் பூட்டியிருக்கின்றன. மருந்தடித்துப் பழுதாகிவிட்டால் காட்டுவதற்கு நல்லது இருக்காது என்று வைத்திருக்கிறார்கள். அப்படி வைக்கச் சொன்னது யார் என்று கேட்டபோது, “அப்படித்தான் சார் வழக்கம்,” என்றார். துணை மேனேஜர் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

எச்சரிக்கைக் கடிதம் வேண்டாம் என்று அன்றைக்கே முடிவாயிற்று. சின்னத்தாய்க்கு வேலையும் வீடும் இருக்கும். மன்னிப்பு என்ற சொல் எந்த மொழியிலும் அந்த அறையில் வரவில்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கையில் ‘பாடத்தில் சிறு படக் கோளாறு’ என்று இருந்ததாம். சொல்லிவிட்டுப் புஷ்பா காபியைத் தள்ளி வைத்தார். “சிறுன்னு போட்டான் பாருங்க. அந்த முதுகப் பாத்துட்டு சிறுன்னு எழுதுறதுக்குக் கை எப்படி வந்துச்சு?”

விசாரணை முடிந்த கையோடு புஷ்பா, சின்னத்தாயின் முதுகைப் புண்ணாக்கிய அந்தப் பம்பைக் கேட்டு வாங்கினார். கொட்டகை வாசலில், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ஒரு வெள்ளை அரிசிச் சாக்கை விரித்து மூடியை வைத்தார். கைப்பேசி லென்ஸில் படிந்திருந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு எடுத்தார். யாருக்கும் அனுப்பாமல் நேரே மடிக்கணினியில் ஏற்றி, சுற்றுப்புறத்தை வெட்டி, இரண்டு பங்கு அகலத்தில் நிறுத்தி, தரப் பட்டையை மேலே தள்ளி, தட்டினால் பெரிதாகும்படி வைத்தார். பிறகு ஆபிஸ் திரையில் பார்க்கவில்லை. லயத்துக்கு நடந்துபோய்ச் சின்னத்தாயின் கைப்பேசியில், மூலை உடைந்த அந்தத் திரையில், லயத்து லைனிலேயே திறந்தார். படம் கொஞ்சம் சுற்றியது. வந்தது.

சின்னத்தாய் இரண்டு விரலால் அகட்டிப் பார்த்தார். ரப்பரின் ஓரத்தில் மயிரிழைபோல் ஓடிய வெடிப்பும், அதில் காய்ந்திருந்த நீல மருந்தும் தெரிந்தன.

“த்தூ,” என்றார். “இதுதாம்மா. இதுலேருந்துதான் வழிஞ்சுச்சு.” கைப்பேசியைத் திருப்பிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

புதிய பாடம் வரும் திங்கட்கிழமைப் பெரட்டில் எல்லோருக்கும் திறக்கிறது. பழைய மதிப்பெண்களை அழித்துவிட்டார்கள். சின்னத்தாயும் முதலிலிருந்து செய்ய வேண்டும். முதுகு ஆறும்வரை அவரை உதிரிப் பழம் பொறுக்க விட்டிருக்கிறார்கள். வாஷர்களுக்கு ஆர்டர் போயிருக்கிறது. அவை வந்து சேரும்வரை மருந்தடிப்பு பழைய பம்புகளிலேயே நடக்கும்.